புள்ளிக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

2001ஆம் ஆண்டு பெப்ரவரி மூன்றாம் திகதி, சனிக்கிழமை.

எங்கள் பீலெஃபெல்ட் வீட்டில் சனிக்கிழமைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஏழரைக்கு எழும்புவது, தேநீர், அதன் பிறகு அந்தக் கிழமை வந்த கடிதங்கள். அப்பா குளியலறையில் சவரம் செய்துகொண்டிருப்பார். நான் வாசலில் நின்று ஒவ்வொரு கடிதத்தையும் ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொல்லுவேன். பிறகு துளையிட்டு, உரிய ஓர்ட்னருக்குள் வைப்பேன். ஓர்ட்னர் என்பது உள்ளே இரண்டு கம்பி வளையங்கள் வைத்த தடித்த கோப்பு. அது இல்லாத வீடு ஜெர்மனியில் இல்லை. எங்களிடம் மூன்று இருந்தன. வீட்டுக் காகிதங்களுக்குச் சிவப்பு, அப்பாவின் வேலைக்குப் பச்சை, சித்தப்பாவுக்கு நீலம். எனக்குப் பன்னிரண்டு வயது. மூன்றுக்கும் நானே பொறுப்பு. ஒன்பதரைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம்.

அன்று இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா 4.40க்கே சமையலறை விளக்கைப் போட்டு இறைச்சி ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கிவிட்டார். 6.05க்கு நாங்கள் வெளிக்கிட்டோம். அன்றைய குறிப்பேடு இப்போதும் என்னிடம் இருக்கிறது. நேரங்களை அதைப் பார்த்தே எழுதுகிறேன். எங்கள் வீட்டார் போன முதல் குளிர்கால விடுமுறை அது. படியிறங்கியதிலிருந்து படியேறியது வரை பதினான்கரை மணி நேரம்.

அப்பா இரும்பு அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். அங்கிருந்து வருடா வருடம் ஒரு பேருந்து சவர்லாண்ட் மலைகளுக்குப் போகும். காலையில் ஸ்கீ சறுக்கல். மத்தியானம், பக்கத்திலே நடக்கும் உலகக் கிண்ண ஸ்கீ பாய்ச்சல் போட்டி: உயரமான மேடையிலிருந்து பனிச்சறுக்குப் பலகைகளோடு பறந்து இறங்குவது. அப்பா ஒரு வருடமும் போனதில்லை. வேலைக்குப் போகும் வழியிலேயே தனக்குத் தேவையான பனியைப் பார்த்துவிடுவதாகச் சொல்லுவார். அந்த வருடம் அவருடைய மைஸ்டர், அதாவது அவருடைய பகுதிக்குப் பொறுப்பானவர், மூன்று நுழைவுச் சீட்டுகளை அவர் கையில் திணித்துவிட்டார். தம்பிக்கு இரண்டு வயது. அம்மாவால் வர முடியாது. ஆகவே அப்பா, நான், சித்தப்பா. சித்தப்பாவுக்காகத்தான் அப்பா ஒத்துக்கொண்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பா நகரத்தின் மறுமுனையில் அகதிகள் விடுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்களிடம் வந்து ஞாயிறு இரவு வரை வரவேற்பறைச் சோபாவில் தங்குவார். மன்னார்க் கடற்கரையில் பிறந்து, இருபத்தைந்து வயது வரை பனிக்கட்டியை மீன்பெட்டிக்குள் மட்டுமே பார்த்த மனிதர் அவர். அவருக்கு ஸ்கீ பாய்ச்சலில் எப்படி அவ்வளவு பித்துப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் போட்டி நடக்கும்போது அவர் பாய்கிறவனைப் பார்க்க மாட்டார். பின்னால் நிற்கும் ஊசியிலை மரங்களையும் கம்பத்துக் கொடியையும் பார்ப்பார்.

"வாடை மாதிரிக் கிடக்கு. முகத்துக்கு நேரை வருது. இப்ப பாயிறவன் அதிட்டக்காரன், பார்."

பெரும்பாலும் அப்படியே நடக்கும். உடனே கதிரையில் ஏறி, முழங்காலை மடித்து, கைகளைப் பின்னுக்கு நீட்டிப் பறக்கிற மாதிரி நிற்பார்.

"தம்பி, கதிரையிலை நிண்டு பாயாதையும். கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியாலை இடிக்கப் போகுது" என்பார் அம்மா.

"நான் பாயேல்லை அண்ணி. நிண்டு காட்டுறன்."

"நிண்டு காட்டின ஆள்தானே போன கிழமை பூச்சாடியை உடைச்சது?"

இப்படிப்பட்டவரின் நீல ஓர்ட்னர்தான் மூன்றிலும் தடித்தது. சித்தப்பாவிடம் இருந்தது விசா அல்ல, டுல்டுங். அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டோம், ஆனால் இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்று சொல்லும் காகிதம் அது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் தன் மாநிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது. முதல் பக்கத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

முந்திய செப்டம்பரில் ஹனோவரில் ஒரு கலியாண வீடு. ரயிலில் ஒரு மணி நேரம். ஆனால் அது வேறு மாநிலம். "ஆர் பாக்கப் போறான்?" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா போனார். ரயில் மேடையில் இறங்கி நாலு அடி வைப்பதற்குள் பொலிஸ் பார்த்துவிட்டது. மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். நான் வழக்கம்போல் உரத்த குரலில் வாசித்துத் தமிழில் சொன்னேன். தண்டம் கட்ட வேண்டும். இன்னொரு தடவை இப்படி நடந்தால், அவரை இந்த நாட்டில் இருக்க விடுவதா இல்லையா என்ற முடிவில் அது கணக்கில் எடுக்கப்படும். சித்தப்பா தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சித்தப்பான்ரை விசாக் கதையை ஆக்களுக்கு முன்னாலை கதைக்கப்படாது. விளங்கிச்சோ?"

விளங்கியது. அந்த முடிவுக்கான டெர்மின், அதாவது அலுவலகத்துக்கு வரச் சொல்லிக் குறித்த நேரம், பெப்ரவரி ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை 8.15க்கு. அழைப்புக் கடிதத்தை நீல ஓர்ட்னரில் நானே வைத்திருந்தேன். நாங்கள் மலைக்குப் போன சனிக்கிழமைக்கும் அதற்கும் இடையில் மூன்றே நாள்.

பேருந்தில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். தேவாலயத்தில் கொடுத்த பழைய உடுப்புகளுக்குள் தேடியெடுத்த செம்மஞ்சள் ஜாக்கெட் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அதன் இடதுபக்க நெஞ்சுப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"போட்டி நடக்கிற இடத்துக்குப் போனாப்போலை உனக்கு ஒரு சாமான் காட்டுறன்."

"என்ன சாமான்?"

"சொன்னாப் பிறகு என்னத்தைக் காட்டுறது?"

சொக்கிளேற்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

சறுக்குமலையில் காலைப் பொழுது நல்லபடியாகத்தான் தொடங்கியது. அப்பா தோல் சப்பாத்தோடும் நீண்ட கம்பளிக் கோட்டோடும் ஒரு வாங்கின் பக்கத்தில் நின்று ரோல்ஸ் பெட்டிக்குக் காவல் இருந்தார். தொழிற்சாலை ஆட்கள் சறுக்குவதும், வந்து ஒன்று எடுப்பதும், திரும்பச் சறுக்குவதுமாக இருந்தார்கள். சித்தப்பா ஒன்பது தடவை விழுந்தார், குறித்து வைத்திருக்கிறேன்.

"கடல்லை விழுந்தா நீந்தலாம். இதிலை விழுந்தா என்ன செய்யிறது?" என்று பனிக்குள் கிடந்தபடியே கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அன்று நான் சிரித்தது அதுதான் கடைசி.

10.35க்கு, கயிற்றைப் பிடித்து மேலே போகும் வரிசையில் நிற்கும்போது, அடிவாரத்தில் இருந்த பெரிய வரைபடப் பலகையைப் பார்த்தேன். நீங்கள் நிற்பது இங்கே என்று ஒரு சிவப்புப் பொட்டு. அதிலிருந்து சற்றுத் தள்ளி, மலையின் குறுக்காக ஒரு பச்சைப் புள்ளிக்கோடு. கோட்டின் இந்தப் பக்கம் எங்கள் மாநிலத்தின் பெயர். அந்தப் பக்கம் ஹெசன். பாய்ச்சல் மேடையின் சின்னப் படம் அந்தப் பக்கத்தில் இருந்தது. கையுறையைக் கழற்றி அளந்து பார்த்தேன். சிவப்புப் பொட்டிலிருந்து மேடை வரை ஒன்றரை விரல். புள்ளிக்கோடு அரை விரலிலேயே வந்துவிட்டது.

பேருந்து அங்கே புறப்படும் நேரம் 12.15.

முதலில் அப்பாவிடம் போனேன். அவர் மைஸ்டருக்கு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போட்டி நடக்கிற இடம் ஹெசனிலை கிடக்கு."

"கிடக்கட்டும். நீ சாப்பிட்டியோ?"

மேலே சொல்ல முடியவில்லை. சுற்றிவர ஆட்கள். தமிழில் சொன்னால் அவர்களுக்கு விளங்காது என்பது உண்மை. ஆனால் டுல்டுங் என்பதற்கு எங்கள் வீட்டில் தமிழ்ச் சொல் இருக்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் மைஸ்டர் தெளிவாகக் கேட்டிருப்பார். சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம்தான். ஆனால் அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். "ஆர் பாக்கப் போறான்?" அந்தச் செம்மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்தேன். சரிவின் எந்த மூலையில் நின்றாலும் அது தெரிந்தது.

பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரியும் என்று நான் உறுதியாக நம்பினேன். காகிதங்களை வாசிப்பவள் நான்தானே.

11.20க்கு, சரிவின் முடிவில் மெதுவாகக் குந்தி, இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

சிவப்புச் சீருடை போட்ட மீட்புப் பணியாளர் ஒருவர் வந்தார். சப்பாத்தைக் கழற்றி, அழுத்தி, திருப்பிப் பார்த்தார். வீக்கம் இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வீக்கமே இல்லை என்று இன்னொரு தடவை சொன்னார். ஆனாலும் நல்ல மனிதர். இடது காலில் நீளமாக ஒரு கட்டுப் போட்டு, இன்றைக்கு நடக்க வேண்டாம் என்றார். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். கூட வந்த பெரியவர் யார் என்று கேட்டார். பதறி ஓடி வந்திருந்த சித்தப்பா கையை உயர்த்தினார்.

பெயர், முகவரி, கையெழுத்து.

சித்தப்பாவைக் காகிதங்களிடமிருந்து காப்பாற்ற நான் போட்ட திட்டம், இருபது நிமிடத்துக்குள் அவருக்குப் புதிதாக ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டியது. முகவரி என்ற இடத்தில் அகதிகள் விடுதியை எழுத வேண்டும்.

"அப்பா! அப்பாதான் கையெழுத்து வைக்கோணும்!"

"ஏன், என்ரை கையெழுத்துக்கு என்ன குறை?" என்றார் சித்தப்பா. முகம் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அப்பா வந்து, கோட்டுப் பையில் கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டு, கையெழுத்து வைத்தார்.

12.10க்கு என்னை அடிவாரத்து உணவுக் குடிலில் இருத்தினார்கள். வெளியே பேருந்து இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பிள்ளையோடை நிக்கிறன். நீ போ" என்றார் அப்பா, சித்தப்பாவிடம். அவருக்கு அது பெரிய தியாகமில்லை. குடிலுக்குள் வெப்பமூட்டி இருந்தது.

"இல்லை. சித்தப்பாதான் வேணும்" என்றேன்.

"ஏனடி, நான் ஆர்?"

"சித்தப்பாதான் வேணும்."

"அவன் இதைப் பாக்கவெண்டுதானே வந்தவன்? உனக்கு விளங்கேல்லையோ?"

விளங்கித்தான் இருந்தது. அதனால்தான் அழுகை வந்தது. காலில் இல்லாத வலிக்கு வந்த அந்தக் கண்ணீர் உண்மையானது. அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா சன்னல் வழியே பேருந்தைப் பார்த்தார்.

"பறவாயில்லை அண்ணை. சீட்டுத் தந்தது உங்கடை மைஸ்டர். நீங்கள் போகாட்டி அவர் ஒருமாதிரி நினைப்பார். நான் நிக்கிறன். போங்கோ, போங்கோ, பஸ் வெளிக்கிடுது."

மனம் மாறுவதற்கு முன் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல் அதை ஒரே மூச்சில் சொன்னார். அப்பா பேருந்தில் ஏறினார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முகம் ஏதோ தண்டனைக்குக் கொண்டுபோகப்படுகிற ஆளின் முகம்போல் இருந்தது.

குடிலின் மூலையில், உயரத்தில், ஒரு தொலைக்காட்சி இருந்தது. ஒன்றரை மணிக்கு முதல் சுற்று. ஒன்றரை விரல் தூரத்தில் நடப்பதை நாங்கள் அந்தப் பெட்டியில் பார்த்தோம். சித்தப்பா தன் கழுத்துத் துணியை மடித்து என் காலுக்குக் கீழே வைத்தார். சூடான சொக்கிளேற் பால் வாங்கித் தந்தார். கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் எழும்பிப் பார்த்தார்.

"அண்ணை தெரியிறாரோ பார். கம்பளிக் கோட்டு. சிரிக்காமல் நிக்கிற ஆள் ஆரெண்டாலும் அது அண்ணைதான்."

என் மனம் அமைதியாகிக்கொண்டு வந்தது. நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பாதகமும் இல்லை. 1.50க்குக் கதவு திறந்து இரண்டு பொலிஸ்காரர் உள்ளே வந்தார்கள்.

வாகனங்களை ஒழுங்குபடுத்த வந்தவர்கள். கோப்பி வாங்கிக்கொண்டு எங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்தார்கள். ஒருவரின் தோளில் வானொலி கரகரத்தது.

"சித்தப்பா, அந்தக் கதிரையிலை மாறி இருங்கோ" என்றேன், அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பும்படி.

"அதிலை இருந்தா டிவி தெரியாது பிள்ளை."

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் தானாகத் திரும்பி, தன் ஜெர்மனில், மேலே காற்று எப்படி இருக்கிறது என்று பொலிஸ்காரரிடம் கேட்டார். வயதான பொலிஸ்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். மாறி மாறி அடிக்கிறது என்றார். முன்காற்று வந்தால் தூக்கும், பின்காற்று வந்தால் அமுக்கும் என்று சித்தப்பா இரண்டு கைகளாலும் காட்டினார். பொலிஸ்காரருக்குச் சந்தோசம். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். படகில், என்றார் சித்தப்பா. மூன்று பேரும் சிரித்தார்கள். நான் மூச்சை அடக்கி அறுபதுவரை எண்ணினேன். அடுத்த கேள்வி எந்த நாடு என்பது. அதற்கடுத்தது காகிதத்தைக் காட்டு என்பது. எனக்கு அந்த வரிசை தெரியும்.

ஆனால் அவர் கேட்டது வேறு.

என் கட்டைப் பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார். தாங்கள் இப்போது அங்கேதான் போவதாகவும், பின் இருக்கை காலி என்றும், பத்து நிமிடப் பயணம் என்றும் சொன்னார். நுழைவுச் சீட்டு இருந்தால் வாசலிலேயே இறக்கிவிடலாம். சிறுமியைத் தானே தூக்கி வருவார்.

அப்போது சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவருடைய திருமணத்திலும் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கை நெஞ்சுப் பைக்குப் போனது.

"போவமே பிள்ளை? பத்து நிமிசம்தான். நீ நடக்கத் தேவையில்லை."

பொலிஸ் வாகனத்துக்குள் ஏறி இருந்துகொண்டும் ஆர் பாக்கப் போறான் என்று சொல்லக்கூடிய மனிதர் என்று நினைத்தேன்.

"ஏலாது! நோகுது! ஏலாது!"

குடில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சொக்கிளேற் பால் மேசையில் கொட்டியது. சித்தப்பா கையைப் பையிலிருந்து எடுத்து என் தலையில் வைத்தார்.

"சரி, சரி. அழாதை. போகேல்லை."

பொலிஸ்காரரிடம், நன்றி, இன்றைக்கு வேண்டாம் என்றார். அவர்கள் போனார்கள். வாகனத்தின் சத்தம் மறையும்வரை சித்தப்பா மேசையில் கொட்டியிருந்ததைக் கடதாசித் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்த இடத்தையும் துடைத்தார்.

இரண்டாம் சுற்றின்போது அவர் எழும்பி நிற்கவில்லை. கொடியைப் பார்த்துக் காற்றைச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெற்றி பெற்றவனைத் தோளில் தூக்கினார்கள். ஏதாவது பேச வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"என்னவோ சாமான் காட்டுறன் எண்டனிங்கள்?"

"அது அங்கை போனாத்தான். இஞ்சை காட்டிப் பிரியோசனமில்லை."

4.40க்குப் பேருந்து எங்களை ஏற்ற வந்தது. அப்பாவின் காது இரண்டும் சிவந்திருந்தன.

"எப்பிடி அண்ணை?" என்று சித்தப்பா முன்னால் சாய்ந்து கேட்டார்.

"குளிர்."

"பாய்ச்சலைக் கேக்கிறன்."

"ஒருத்தன் பாஞ்சான். பிறகு இன்னொருத்தன் பாஞ்சான். எல்லாரும் கீழைதான் வந்து நிண்டாங்கள்."

சித்தப்பா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு, நேரில் பார்த்து வந்த அப்பாவுக்கு, அவர் என்ன பார்த்தார் என்பதை விளங்கப்படுத்திக்கொண்டு வந்தார். அப்பா பாதி வழியில் நித்திரையாகிவிட்டார். அதன் பிறகும் சித்தப்பா கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். ஐம்பத்துநான்கு படிகள். சித்தப்பா என்னை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று, நோகிறதா என்று கேட்டார். மூன்று தடவையும் ஓம் என்றேன். 8.35க்கு உள்ளே வந்தோம். அம்மா சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொன்னார். ஒரு மனிதரை நாட்டைவிட்டு அனுப்பாமல் தடுத்துவிட்ட திருப்தியோடு படுத்தேன். கட்டு அரித்தது, அதைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே போட்டேன்.

செவ்வாய்க்கிழமை டெர்மினில் அவருக்கு இன்னும் மூன்று மாதம் கிடைத்தது, அவ்வளவுதான். சரியான விசா கையில் வர மேலும் ஆறு வருடம் எடுத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது செவ்வாயை அல்ல; ஞாயிற்றுக்கிழமை காலையை.

7.10க்கு அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளை, சித்தப்பான்ரை ஜாக்கெட் முழுக்கச் சேறு. மெஷினுக்குள்ளை போடப்போறன். பொக்கற்றைப் பாத்து எடுத்து வை."

நெஞ்சுப் பையில் கிழிக்கப்படாத நுழைவுச் சீட்டு இருந்தது. அதன் பின்னால், நாலாக மடித்த காகிதம். விரித்தேன். முத்திரை, கையெழுத்து. பெப்ரவரி மூன்றாம் திகதி 0.00 மணி முதல் 24.00 மணி வரை ஹெசன் மாநிலத்துக்குள் செல்ல இவருக்கு அனுமதி வழங்கப்படுகிறது. ஜனவரி இருபத்தொன்பதாம் திகதி கொடுத்திருந்தார்கள். அதோடு விண்ணப்பத்தின் பிரதியும் இருந்தது. எழுத்து என்னுடையது அல்ல. பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாகச் செதுக்கியதுபோல், சித்தப்பா தானே ஜெர்மனில் எழுதியிருந்தார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில்: அண்ணனின் மகளுக்கு ஸ்கீ பாய்ச்சல் காட்டுவதற்கு.

என்னைக் கேட்காமல் அவர் எழுதிய முதல் காகிதம் அது.

நடைவழியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறிப்பேட்டில் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாததால் தெரிந்ததைச் செய்தேன். காகிதத்தோடு வரவேற்பறைக்கு ஓடி, நீல ஓர்ட்னரை இழுத்தெடுத்து, துளைக்கும் கருவியைத் தேடினேன்.

சித்தப்பா சோபாவில் எழும்பியிருந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு கட்டில்லாத என் கால்களைப் பார்த்தார். ஓர்ட்னரின் மேல் பக்கங்களைப் புரட்டினேன். ஹனோவர்க் கடிதம் விரிந்து கிடந்தது. அதையும் பார்த்தார். போர்வை பாதி மடிப்பில் நின்றது.

"கால் சுகமோ பிள்ளை?"

"ஓம்."

"எந்தக் கால் நொந்தது?"

வலது காலைக் காட்டினேன்.

"ஓம், அந்தக் கால்தான்" என்றார். மேசைக்குக் கீழே கிடந்த துளைக்கும் கருவியை எடுத்து என்னிடம் நீட்டினார். "திகதி பாத்து வை."

அழைப்புக் கடிதத்துக்கு மேலே, திகதி வரிசையில், சரியாக வைத்தேன். குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தின் முதல் வரியை, என் பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில், இப்போதும் வாசிக்க முடிகிறது:

"4.2.2001, ஞாயிறு. 7.25: சித்தப்பாவின் ஒரு காகிதம் நீல ஓர்ட்னரில் வைத்தேன். கால் சுகமாகிவிட்டது என்று சொன்னேன். நம்பிவிட்டார்."